லேப்டாப்பைத் திறந்ததும் பாஸ்வேர்டு கேட்குதா? எஃப்.பி.ஐ போட்ட நாடகம் சொல்லும் பாடம்!

2013 அக்டோபர் 1, சான் பிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகம். ராஸ் உல்பிரிக்ட் லேப்டாப்பில் மூழ்கியிருந்தார். பின்னால் ஒரு ஆணும் பெண்ணும் திடீரென சண்டை போட, திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் லேப்டாப் பறிபோனது. சண்டை போட்டவர்கள் எஃப்.பி.ஐ ஆட்கள்!

போதைப்பொருள் விற்ற 'சில்க் ரோடு' டார்க் வெப் சந்தையை நடத்தியவர் இவர். 2015-ல் ஆயுள் தண்டனை பெற்றவர், 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்க விடுதலையானார்.

ஏன் இந்த நாடகம்?

லேப்டாப்பில் இருந்தவை என்கிரிப்ட் செய்யப்பட்டவை. அவர் மூடியிருந்தால் ஆதாரங்கள் உள்ளேயே பூட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டு விழக்கூடாது என்பதுதான் திட்டம்.

நமக்கென்ன?

எஃப்.பி.ஐ-யே தயங்கிய அதே பூட்டுதான், திருடனிடமிருந்து நம்மைக் காப்பாற்றுது. ஸ்லீப் மோடில் லேப்டாப் ஆஃப் ஆவதில்லை. மெயில், வாட்ஸ்அப் வெப், போட்டோ எல்லாம் திறந்தபடியே இருக்கும். பாஸ்வேர்டு கேட்கலைன்னா, எடுத்தவர் கையில் அத்தனையும் போயிடும்.

என்ன செய்யணும்?

▪ விண்டோஸ் 11: செட்டிங்ஸ் > அக்கவுண்ட்ஸ் > சைன்-இன் ஆப்ஷன்ஸ். ஸ்லீப்பிலிருந்து எழும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்க.

▪ மேக்: சிஸ்டம் செட்டிங்ஸ் > லாக் ஸ்க்ரீன். 'இமீடியட்லி' தேர்வு செய்யுங்க.

▪ டீ குடிக்க எழுந்தாலும் விண்டோஸ் கீயுடன் 'எல்' அழுத்துங்க. திறந்து கிடக்கும் லேப்டாப்பை எந்த செட்டிங்கும் காப்பாற்றாது!