மதிலா வேலியா என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள பிள்ளைகளுக்கும் சொந்தக்காரருக்கும்,

போன கிழமை எங்கள் வளவில் ஜிம்மியும் கறுப்பியும் படுத்திருக்கிற படம் ஒன்று போட்டிருந்தேன். நாய்களைப் பார்த்தவர்கள் குறைவு, பின்னால் தெரிந்த வேலியைப் பார்த்தவர்கள்தான் கூட. "ரீச்சர், இன்னும் கிடுகு வேலியோ?" என்று ஒருவர். "மகன் லண்டனில, அம்மா ஓலைக்குள்ள" என்று சிரிப்புப் பொம்மையுடன் இன்னொருவர். அவர் ஆறாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர், அன்றைக்கும் அப்படித்தான் கதைப்பார். மூன்று நான்கு பேர் மட்டும் உண்மையாகவே கேட்டிருந்தீர்கள்: "எங்களுக்கும் பெரிய வளவு, நாயும் நிற்குது. மறைப்பும் வேணும், காசும் இல்லை. என்ன செய்யலாம்?" அவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கோ.

முதலில் கணக்கு. எங்கள் வளவு 4 பரப்பு. பரப்புக்கு 10 பேர்ச்சஸ், ஆக 40 பேர்ச்சஸ், கால் ஏக்கர். சதுர அடியில் 10,890. இது சதுரமான காணியாக இருந்திருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 417 அடி. எங்களுடையது ஒழுங்கைப் பக்கம் 60 அடி, உள்ளே 181½ அடி போகிற நீட்டுக் காணி. சுற்றளவு 483 அடி. பரப்பளவு ஒன்றுதான், வேலி 66 அடி கூட. "பரப்பளவு சமன் என்றால் சுற்றளவும் சமனா?" என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "ஓம்" என்றுதான் கை தூக்குவீர்கள். அந்த ஓமின் விலை வேலி அடைக்கிற நேரத்தில்தான் தெரியும். ஆகவே எத்தனை பரப்பு என்று சொல்லி மேசனிடம் விலை கேளாதேங்கோ. நாடாவைப் பிடித்து நாலு பக்கத்தையும் அளந்துவிட்டுக் கேளுங்கோ. எல்லைக்கல் எங்கே என்பதில் பக்கத்து வளவோடு ஒரு சொல் வேறுபாடு இருந்தாலும், நில அளவையாளரைக் கூப்பிட்டு அதைத் தீர்த்த பிறகு கதியாலை நடுங்கோ. வேலிச் சண்டையில் வழக்குப் பேசி வளவையே விற்றவர்களை எங்கள் ஊர் கண்டிருக்கிறது.

எங்களுக்கு ஒரு பக்கம் பக்கத்து அக்காவின் மதில் இருக்கிறது. மீதி மூன்று பக்கமும் ஏறத்தாழ 302 அடி, படலைக்கு 12 அடி விட்டால் 290. மகன் சொன்னான்: "அம்மா, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ. மூன்று பக்கமும் ஏழடி மதில் கட்டுங்கோ, அலுவல் முடிஞ்சுது." நான் கொப்பியை எடுத்தேன். 290 அடி நீளம், 7 அடி உயரம் என்றால் 2,030 சதுர அடி. 16 அங்குலம் 8 அங்குலம் சீமெந்துக் கல் என்றால் 8 சதுர அடிக்கு 9 கல் பிடிக்கும். அப்படியென்றால் ஏறத்தாழ 2,284 கல். அத்திவாரம், தூண், கம்பி, மணல், மேசன் கூலி எல்லாம் அதுக்கு மேலே. 2022க்குப் பிறகு சீமெந்து விலை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளிருக்குள் இரவு வேலை செய்து பிள்ளை அனுப்புகிற காசு அது.

காசு மட்டும்தான் காரணம் என்றால் இந்தப் பதிவை இங்கேயே முடித்திருப்பேன்.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கிய விரிவுரையாளர் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். முதலில் நோக்கத்தை எழுத வேண்டும், துணைச்சாதனம் பிறகுதான். வடிவான படத்தை வரைந்து வைத்துக்கொண்டு, அதுக்கேற்ற பாடத்தைத் தேடினால் குறிப்பு திரும்பி வரும். வேலி விஷயத்தில் நாங்கள் எல்லோரும் அந்தப் பிழையைத்தான் செய்கிறோம். மதிலா, தகரமா, வலையா என்று துணைச்சாதனத்தில் தொடங்குகிறோம். எந்தப் பக்கத்தில் எதை மறிக்கப் போகிறோம் என்ற நோக்கத்தை எழுதுவதில்லை.

என்னுடைய கருத்து இதுதான். நாயை மறிப்பது ஒரு வேலை, கண்ணை மறைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே சாமானால், நாலு பக்கமும், ஒரே உயரத்தில் செய்யப் போனால் காசும் போகும், தேவையில்லாத இடத்தில் தேவையில்லாத மறைப்பும் வந்து சேரும்.

நாய்க்கு வேண்டியது வேலியின் கீழ்ப்பாதி. நாய் முதலில் அடியால்தான் வழி பார்க்கும். வேலியின் அடியில் மூக்கை வைத்து, மண் இளகிய இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டு இரவில் ஒரு பொட்டு போட்டுவிடும். எங்கள் மண்ணில் ஓரடி தோண்டினாலே பல இடங்களில் சுண்ணாம்புக்கல், வலையை ஆழமாகத் தாழ்க்க முடியாது. அதனால் நாலடி உயரத்துக்குக் கம்பி வலை அடித்து, அடியில் ஒன்றரை அடியை வளவின் உட்பக்கமாக மடித்து நிலத்தில் விரித்து, மேலே கல்லை அடுக்கினோம். நாய் வேலியின் அடியைத்தான் கிண்டும், ஒன்றரை அடி தள்ளி நின்று கிண்ட அதுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் புல் வளர்ந்து வலையை மூடிவிட்டது. கோழி வலை வாங்காதேங்கோ, ஜிம்மி அதைப் பல்லால் பிரித்து எனக்குப் பாடம் படிப்பித்துவிட்டான். முள்ளுக்கம்பியும் வேண்டாம். நாய் அதுக்குள்ளாலும் போகும், கிழிபட்டுக்கொண்டு போகும்.

நாலடியை நாய் பாயாதா என்று கேட்பீர்கள். பாயும். ஆனால் ஏன் பாய்கிறது என்று பாருங்கோ. கடுவன் நாய் அனேகமாகப் பெட்டை நாயைத் தேடித்தான் வேலி பாய்கிறது. கருத்தடை செய்வித்த பிறகு ஜிம்மிக்கு ஒழுங்கை ஆசை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மதிலை மூன்று அடி உயர்த்துவதைவிட அது எவ்வளவோ மலிவு. வேலி இருக்கிறது என்று விசர்நாய்த் தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதேங்கோ. வருசா வருசம் போடவேணும்.

இனிக் கண்ணுக்கு வேண்டிய மறைப்பு. நான் வளவைச் சுற்றி நடந்து பார்த்தேன். ஆட்கள் பார்க்கக்கூடாத இடம் எது? கிணற்றடி, குசினிப் பின்பக்கம், உடுப்புக் காயப்போடுகிற கொடி. வலப்பக்கத்து 181 அடியில் இவை எல்லாம் சேர்ந்து 40 அடிக்குள் அடங்கிவிட்டன. அந்த 40 அடிக்குத்தான் கிடுகு. மீதி 141 அடியில் கதியாலும் வலையும் மட்டும். கிடுகு வருசம், கூடினால் இரண்டு வருசம் தாங்கும், அடி கறையானுக்குப் போகும், அது உண்மை. ஆனால் 40 அடி வேலி அடைக்க ஒரு பகல் போதும். வெளியில் நின்று ஒருவர் குத்தூசியைக் குத்த, உள்ளே நின்று இன்னொருவர் கயிற்றை வாங்கிக் கட்ட, கதையும் நடக்கும், வேலையும் நடக்கும். உக்கின கிடுகு வாழையடிக்குப் பசளை.

பின்பக்கம் தோட்டக்காணி. அங்கிருந்து எங்களை யார் பார்க்கிறது? வெங்காயம்தான். அதனால் 60 அடிக்கும் கதியாலும் வலையும், மறைப்பு இல்லை. சோளகம் வீசுகிற காலத்தில் வீட்டுக்குள் காற்று வருவதும் அந்தப் பக்கத்தால்தான். பச்சை வலை கட்டலாமே என்று ஒரு மாணவன் சொன்னார். காற்று அதைப் பாய்மரம் மாதிரிப் பிடித்துத் தூணையே சரித்துவிடும், நாயின் வாய் எட்டுகிற உயரத்தில் என்றால் ஒரு மாதமும் தாங்காது. தகரம் மலிவுதான். ஆனால் வெயிலில் கொதிக்கும், காற்றில் இரவெல்லாம் அடிபடும், அடி கறள் பிடித்தால் விளிம்பு கத்திமாதிரி நாயின் காலை வெட்டும்.

ஒழுங்கைப் பக்கத்துக்கு மட்டும் மதில் கட்டினேன். அங்கே இரண்டு நோக்கமும் ஒன்றாக வருகின்றன. சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போக வரக் காண்கிற நாய் வேலி நீளத்துக்கு ஓடி ஓடிக் குரைக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டால் பாதிக் குரைப்பு அடங்கும். 48 அடி நீளம், 5 அடி உயரம், 240 சதுர அடி, 270 கல். படலையின் கீழ்ப்பாதிக்கு விளிம்பு மடித்த தகரம். 2,284 கல் எங்கே, 270 கல் எங்கே. மிச்சக் காசைத் தன் பிள்ளையின் படிப்புக்கு வைக்கச் சொன்னேன்.

ஏன் ஐந்தடி, ஏன் ஏழு இல்லை என்று மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கறுப்பி என்னுடைய நாய் இல்லை. பக்கத்து அக்காவின் நாய். அக்கா என்னைவிடப் பத்து வயது மூப்பு, தனியாக இருந்தவ. எங்களுக்கு இடையில் முன்பு கிளுவைக் கதியால் வேலி, அதில் ஒரு பொட்டு. அதுக்குள்ளால் கறிச்சட்டியும் போகும், முருங்கைக்காயும் வரும், நாயும் போய்வரும். இரவில் அவவின் குசினி விளக்கு வேலிக்குள்ளால் எனக்குத் தெரியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பி, கதியாலைப் பிடுங்கி, நாலு பக்கமும் ஏழடி மதிலும் தகரம் அடித்த இரும்புக் கேற்றும் போட்டார்கள். தாயில் உள்ள பாசத்தில்தான் செய்தார்கள். களவுப் பயம் எல்லோருக்கும் இருக்கிறதுதானே.

இரண்டு வருசத்துக்கு முந்தின கார்த்திகை. மழை இரவு. பத்து மணிபோலக் கறுப்பி குரைக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. இரண்டு மணிக்கும் குரைத்தது. நான் எழும்பி ஜன்னலைச் சாத்தினேன். "இந்த நாயை இரவில கட்டி வைக்கக்கூடாதோ" என்று வாய்விட்டுப் பேசினேன். பழைய வேலி என்றால் ரோச்சை அடித்து, "அக்கா, என்னவாம்?" என்று ஒரு குரல் கொடுத்திருப்பேன். மதிலைப் பார்த்து யார் குரல் கொடுக்கிறது?

காலையில் பால் கொண்டுவந்த பெடியன் என் படலையைத் தட்டினான். "ரீச்சர், அங்க கேற் திறக்கினமில்லை, நாய் குரல் அடைச்சுக் கத்துது." ஏணி வைத்து அவன்தான் மதில் ஏறிக் குதித்தான். அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, விடிய விடிய ஈரத்தில் கிடந்திருக்கிறா. உயிர் தப்பினது பெரிய காரியம். இப்போது கொழும்பில் மகளோடு இருக்கிறா, பொல்லுப் பிடித்து நடக்கிறா. மாடி வீட்டில் நாயை வைத்திருக்க முடியாது என்று கறுப்பியை என்னிடம் விட்டுப் போனா.

பிழை முழுவதையும் மதிலின் தலையில் போட நான் வரவில்லை. ஜன்னலைச் சாத்தின கை என்னுடையது. ஆனால் கையெட்டுகிற தூரத்தில் இருந்த மனுசியை எனக்குத் தெரியாமல் ஆக்கியது அந்த மதில். களவனுக்கும் அது ஒரு வசதிதான், உள்ளே குதித்த பிறகு அவனையும் ஊர் காணாது. பிரதான வீதியோரத்தில் சின்னக் காணி வைத்திருப்பவர்கள், பெரிய வாகனச் சத்தத்துக்குள் இருப்பவர்கள் மதில் கட்டுங்கோ, அவர்களுடைய நோக்கம் வேறு. ஒழுங்கைக்குள், தெரிந்த சனத்துக்கு நடுவில், பெரிய வளவில் தனியாக இருக்கிற அம்மா அப்பாவுக்கு நாலு பக்கமும் மதில் கட்ட முதல் ஒருக்கா யோசியுங்கோ. காசு அனுப்புகிற பிள்ளைகளுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன்.

வலப்பக்கத்து வேலியில் நான் ஒரு பொட்டு விட்டிருக்கிறேன். ஆள் குனிந்து போகிற அளவு சின்னப் படலை, இரண்டு பக்கத்தாலும் திறக்கிற கொளுக்கி. நாய் திறக்காது, அந்த வீட்டுத் தங்கச்சி திறப்பா. இரவில் நாய் கால் மணித்தியாலத்துக்கு மேல் குரைத்தால் யாராவது ஒருவர் எழும்பிக் குரல் கொடுப்பது என்று எங்களுக்குள் ஒரு பேச்சும் இருக்கிறது. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

கதியால் நடுகிறவர்களுக்குக் கடைசியாகச் சில குறிப்பு. மாரி மழை தொடங்குகிற ஐப்பசியில் நடுங்கோ. கைமணிக்கட்டுத் தடிப்பில், ஆறடி நீளத்தில், கிளுவையோ பூவரசோ எடுத்தால் நல்லாகப் பிடிக்கும். முதல் இரண்டு வருசம் வலையைத் தாங்கக் கதியாலுக்குப் பலம் போதாது, பத்தடிக்கு ஒரு சீமெந்துத் தூண் போடுங்கோ. கம்பியைக் கதியாலில் இறுக்கிக் கட்டினால் மரம் பருக்கும்போது பட்டையை வெட்டும், தளர்த்திக் கட்டுங்கோ. சீமைக்கிளுவை கெதியாக வளரும், ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் நல்ல குழை. ஆனால் அதன் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாகப் பாவித்திருக்கிறார்கள், கண்டதையும் கடிக்கிற குட்டி நாய் நிற்கிற வளவுக்கு வேண்டாம்.

இந்த வருசம் என் பூவரசும் கிளுவையும் கதியால் வெட்டுகிற பருவத்துக்கு வந்துவிட்டன. தேவையானவர்கள் புரட்டாதி முடிய முதல் சொல்லுங்கோ, காசு வேண்டாம். வருகிறவர்கள் படலையில் நின்று கூப்பிடுங்கோ. நாய்கள் குரைக்கும், நான் எழும்பி வருவேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்