யாருக்குக் கணக்கு?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் ராஜபாட்டையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். இந்தப் பேரூரையும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் போன்ற இடங்களே குழந்தைகளின் நலத்திற்கென்று ஏற்பட்ட தர்ம ஸ்தாபனங்களின் ஊழியக் களமாகும். ஒன்று மாலை வகுப்பு நடத்தும். ஒன்று போஷாக்கு உணவு அளிக்கும். மற்றொன்று திக்கற்ற பிள்ளைகளுக்கு இல்லம் வைத்திருக்கும். ரமணாசிரமத்தை நாடி அயல்நாட்டார் வந்து போகும் ஜில்லாவாதலால் கடல் கடந்து வரும் நன்கொடையும் இங்கே புதிதன்று. இந்த ஊழியத்தை நாம் இகழ வரவில்லை. சர்க்காரின் கை எட்டாத வீடுகளில் இவர்களால் எழுத்தறிந்த குழந்தைகள் பலர். நாம் கேட்பது ஒன்றுதான். இவர்கள் தங்கள் வேலைக்கு யாரிடம் கணக்கு ஒப்புவிக்கிறார்கள்?

பணம் கொடுத்தவரிடம் என்பதே வழக்கமான பதில். வந்த குழந்தைகள் இத்தனை, செலவான ரூபாய் இத்தனை என்று இங்கிலீஷில் அறிக்கை தயாராகிறது. புகைப்படங்களுடன் தூரதேசம் செல்கிறது. சர்க்காருக்கும் ஒரு கணக்குப் போகிறது. அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டபோது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பு நூற்றுக்கு 50-லிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது; அயல்நாட்டுப் பணம் யாவும் முதலில் டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் ஒரு கிளைக்கே வந்து சேரவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பணம் வந்த வழியை டில்லி அறியும். பிள்ளை படித்தானா, உணவு வாய்க்கு எட்டியதா என்பதை டில்லி அறியாது. அதை அறிந்தவள் தாய். அவளிடம் கணக்குச் சொல்லும்படி எந்த நன்கொடைச் சட்டமும் கட்டளையிடவில்லை.

கணக்கு மேல்நோக்கி மட்டும் போனால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம். மாதந்தோறும் பணம் அனுப்பி ஒரு குழந்தையை ஆதரிக்கும் முறையைச் சோதிப்பதற்காக, அமெரிக்காவின் சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை பிரசித்தி பெற்ற சில ஸ்தாபனங்களின் மூலம் குழந்தைகளை ஆதரித்துப் பார்த்தது. அதன் முடிவை 1998-ல் வெளியிட்டது. மாலி தேசத்தில் ஒரு சிறுமி இடி விழுந்து மாண்ட பின்பும் அவள் பேரால் பணம் பெறப்பட்டு வந்தது தெரியவந்தது. ஊரார் அறியாமல் ஒரு குழந்தை சாகுமா? ஆயினும் பணம் அனுப்பியவருக்கு அச்செய்தி எட்டவில்லை. ஊராரைக் கேட்கும் வழக்கம் இருந்திருந்தால் ஒரே நாளில் வெளிப்பட்டிருக்கும்.

நம் நாட்டு விஷயம் இதனினும் கொடியது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் படும் துன்பத்தைப் பற்றி 2007-ல் தொடங்கிய வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2017 மே 5-ந் தேதி தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் அவ்வருஷ முடிவிற்குள் பதிவாக வேண்டும், சமூகத் தணிக்கை நடைபெற வேண்டும் என்பது உத்தரவு. ஏறக்குறைய அதே காலத்தில் பீகார் சர்க்கார் தன் மாகாணத்து இல்லங்களைத் தணிக்கை செய்யும் வேலையை டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்திடம் ஒப்படைத்திருந்தது. 2018-ல் வந்த அவ்வறிக்கையால்தான் முஜாபர்பூர் இல்லத்தில் சிறுமிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை உலகறிந்தது. அந்த இல்லம் ஒரு தர்ம ஸ்தாபனத்தால் சர்க்கார் பணத்தில் நடத்தப்பட்டது. உத்தியோகஸ்தர்கள் பார்வையிடாத இடமுமன்று. அவர்கள் வந்தார்கள், புத்தகத்தைப் பார்த்தார்கள், கையெழுத்திட்டுப் போனார்கள். தணிக்கைக்கு வந்தவர்களோ குழந்தைகளுடன் உட்கார்ந்து பேசினார்கள். வித்தியாசம் அவ்வளவே. அதை நடத்திய பிரமுகருக்கு 2020-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. மூன்று மாதத்திற்கு ஒரு முறையாவது பரிசோதனைக் குழு இல்லங்களுக்குப் போகவேண்டுமென்று 2015-ம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் சொல்லத்தான் சொல்கிறது. போகிறவர்கள் புத்தகத்தைக் கேட்கிறார்களா, பிள்ளையைக் கேட்கிறார்களா என்பதல்லவோ விஷயம்?

மேலான வழியைத் தேடி நாம் அயல்நாடு போகவேண்டியதில்லை. 1980-ல் மதுரை ஜில்லா கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழக ஒருங்கிணைந்த போஷாக்குத் திட்டம் ஆரம்பமாயிற்று. உலக பாங்கின் கடன் அதற்கு உண்டு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் உணவு கொடுப்பது அதன் முறை. நிறுத்தவள் அந்தந்தக் கிராமத்துப் பெண். குழந்தையின் எடை அட்டையில் கோடாக ஏறுவதையும் இறங்குவதையும் தாய் தன் கண்ணால் கண்டாள். நிறுத்த குழந்தைகள் எத்தனை, மெலிந்தவர் எத்தனை என்ற தொகையை நிலையத்துக்கு வெளியே பலகையில் எழுதி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவளும் பக்கத்து வீட்டுப் பையனை வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொள்ளலாம். சென்னைக்குப் போன கணக்கும் தெருவில் நின்ற கணக்கும் ஒன்றாயிருந்தது. இதைவிடச் சிறந்த கண்காணிப்பை நாம் அறியோம்.

ஆனால் பலகை ஒன்றை மாட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கும் ஒரு பாடம் உண்டு. 2005, 2006-ம் வருஷங்களில் ஐக்கிய மாகாணம் என்று முன்னர் வழங்கிய உத்தரப் பிரதேசத்தில், ஜவுன்பூர் ஜில்லாவின் 280 கிராமங்களில் பிரதம் என்னும் ஸ்தாபனம் பொருளாதார நிபுணர்களுடன் சேர்ந்து ஒரு பரீட்சை செய்தது. கிராமக் கல்விக் கமிட்டியின் அங்கத்தினர் பலருக்குத் தாங்கள் அங்கத்தினர் என்பதே தெரியாதிருந்ததாம்! சில கிராமங்களில் கூட்டம் கூட்டி உரிமைகளை எடுத்துச் சொன்னார்கள். சிலவற்றில் ஊராரையே கொண்டு பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து அறிக்கை எழுதச் செய்தார்கள். பள்ளிக்கூடம் அசையவில்லை. ஊர் வாலிபர்களுக்குப் பயிற்சி தந்து வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்த கிராமங்களில்தான், வகுப்புக்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். குறையை அறிவித்துவிட்டு, அதைத் தீர்க்கும் வழியைக் கையில் கொடாமல் போனால் ஜனங்கள் வீட்டுக்குத்தான் திரும்புவார்கள். ஆதலால் கணக்கு வாசிப்பதுடன், திட்டத்தை மாற்றும் அதிகாரத்தில் பெற்றோருக்குப் பங்கு வேண்டும். சர்க்கார் பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும் என்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. அதே தெருவில் மாலை வகுப்பு நடத்தும் சங்கத்தின் நிர்வாகத்தில் அதே பெற்றோருக்கு ஓர் ஆசனமேனும் இருக்கலாகாதா?

நம் யோசனை எளியது. தமிழ்நாட்டில் வருஷத்திற்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு தடவை, அந்தக் கிராமத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு ஸ்தாபனமும் இந்த ஊரின் பேரால் வந்த பணம், செலவு, சேர்ந்த பிள்ளைகள், நின்றுபோன பிள்ளைகள், நின்ற காரணம், வந்த புகார், அதற்குச் செய்த பரிகாரம் ஆகியவற்றைத் தமிழில் வாசிக்கட்டும். நேட்டால் இந்தியக் காங்கிரஸில் சிறு தொகைக்கும் ரசீது கொடுத்துக் கணக்கு வைத்த காந்தியடிகளின் நாட்டில் இது பெருங்காரியமா? ஊர்ச் சபையில் காலனித் தாய்மார் வாய்திறக்கத் தயங்குவார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று. எனவே அதே கணக்கைக் காலனியிலும் ஒரு முறை வாசிக்க வேண்டும்; புகாரை வாங்குபவர் ஸ்தாபனத்தின் சம்பளம் பெறாதவராக இருக்க வேண்டும். தனிக் குழந்தையின் நோயோ துயரமோ சபையில் பேசத்தக்கதல்ல. அங்கே தொகை மட்டும் போதும். கொடுமை பற்றிய புகார் 1098 என்ற எண்ணுக்கே போகட்டும்.

இதற்கெல்லாம் ஆளும் நேரமும் ஏது என்று நிர்வாகஸ்தர்கள் கேட்கக்கூடும். கடல் கடந்த அறிக்கைக்குக் கிடைக்கும் ஆளும் நேரமும் காலனித் திண்ணைக்குக் கிடையாதென்றால், அதை அவர்கள் ஊரார் முன்னிலையிலேயே சொல்லட்டும். கீழ்பென்னாத்தூர் பேரூராட்சியாதலால் அங்கே கிராம சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கென 2022-ல் விதி செய்யப்பட்ட பகுதி சபைகளிலோ, அவை கூடாத வார்டுகளில் பள்ளிக்கூட மைதானத்திலோ இந்தக் கணக்கை வாசிக்கலாம்.