காட்டுப்பன்றிக்கு 3 கி.மீ. கணக்கு: மலையடிவாரக் கொல்லைக்கு யார் காவல்?

வேர்க்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் தூக்கம் குறைந்துவிடும். ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், நாட்றம்பள்ளி பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, ‘ராத்திரி பன்னி எறங்குச்சா?’ என்பதுதான். இறங்கியிருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஏர் பூட்டி உழுதுபோட்ட மாதிரி கொல்லை கிடக்கும். தின்றது கொஞ்சம், மூக்கால் கிளறி நாசமாக்கியது அதிகம்.

இந்தப் பிரச்சினைக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு தீர்வை அறிவித்தது. காட்டை விட்டு வெகுதூரம் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுட்டுப் பிடிக்கலாம் என்பதுதான் அது. ‘பன்றியைச் சுட அனுமதி’ என்று செய்தி பரவியது. விவசாயிகள் சங்கங்களின் பல வருடக் கோரிக்கைக்கு அரசு காது கொடுத்தது நல்ல விஷயம். ஆனால், அந்த அறிவிப்பில் இருக்கும் தூரக் கணக்கைப் பார்த்தால், அதிகம் அடிபடும் விவசாயிக்குத்தான் அது குறைவாக உதவுகிறது.

அது என்ன 3 கி.மீ. கணக்கு?

காப்புக்காட்டின் எல்லையிலிருந்து அளந்து நிலத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் 1 கி.மீ. வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடிக்கலாம், ஆனால் திரும்பக் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டினால்தான் சுடலாம். அதுவும் வனத்துறை ஊழியர்கள் மட்டும். விவசாயி துப்பாக்கி எடுக்க முடியாது.

ஊர் அளவில் முடிவெடுக்க கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் கொண்ட குழு உண்டு. சேதம் ஏற்பட்டால் மனு இந்தக் குழுவின் வழியாகப் போக வேண்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, மனித உயிருக்கோ வயலில் நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கை, அது முதல் அட்டவணையில் இல்லாத பட்சத்தில், எழுத்துபூர்வ அனுமதியோடு வேட்டையாட வழி விடுகிறது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. அதே சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி மத்திய அரசு ஒரு விலங்கைக் குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட காலத்துக்குத் ‘தீங்குயிரி’ என்று அறிவிக்கலாம். பிஹாரிலும் உத்தராகண்டிலும் காட்டுப்பன்றிக்கு அப்படி அறிவித்தார்கள். கேரளம் அதையே கேட்டது, கிடைக்கவில்லை. அதனால் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு தேர்ந்தெடுத்தது இவற்றைவிட எச்சரிக்கையான பாதை.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. சிறுத்தைக்கும் புலிக்கும் செந்நாய்க்கும் காட்டுப்பன்றி முக்கியமான இரை. காட்டோரத்தில் பன்றியைத் தீர்த்துக் கட்டினால், இரை தேடும் சிறுத்தை ஆட்டுப்பட்டிக்கும் தெருநாய்க்கும் வரும். 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே சிறுத்தை புகுந்து ஊரே பதறியது பலருக்கும் நினைவிருக்கும். காட்டோரத்தில் துப்பாக்கிச் சத்தம் வழக்கமாகிவிட்டால் கள்ள வேட்டைக்காரர்களுக்கும் கொண்டாட்டம்தான்.

திருப்பத்தூருக்கு இது எப்படிப் பொருந்தும்?

மாவட்டத்தின் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, நடுவில் ஏலகிரி, வடக்கே ஆந்திர எல்லைக் காடுகள். நடுவில் பாலாறு, நெடுஞ்சாலை, ரயில் பாதை, தோல் தொழிற்சாலைகள். மலையடிவாரத்துக் கொல்லைகள் பலவற்றில் வரப்புக்கு அந்தப் பக்கமே காடு. பன்றி முதலில் இறங்குவதும் அடிக்கடி இறங்குவதும் இங்கேதான். அரசாணையின் கணக்கில் இதுதான் எதுவும் செய்ய முடியாத முதல் கிலோமீட்டர்.

அப்படியென்றால் அந்த விவசாயி என்ன செய்வார்? பழைய வழி, பரண் போட்டு ராக்காவல். தகரம் தட்டுவது, பட்டாசு கொளுத்துவது, வரப்பைச் சுற்றிப் பழைய புடவை கட்டுவது. சில நாள் கேட்கும். பழகிவிட்டால் பன்றி பயப்படாது. ராக்காவலுக்கு ஆளும் இல்லை. வீட்டில் இளவயதுக்காரர்கள் ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கோ, பெங்களூருக்கோ, சென்னைக்கோ போய்விட்டார்கள். காலையில் ஷிஃப்டுக்குப் போகிறவர் ராத்திரி முழுக்கக் கொல்லையில் உட்கார முடியாது. மிச்சம் இருப்பது வயதானவர்கள்.

இந்த இடத்தில்தான் ‘கம்பி’ வருகிறது. பம்ப்செட்டிலிருந்தோ, மேலே போகும் மின்கம்பியிலிருந்தோ கொக்கி போட்டு இழுத்து, முழங்கால் உயரத்தில் கொல்லையைச் சுற்றிக் கட்டுவது. செலவு சில நூறு ரூபாய். சட்டப்படி குற்றம் என்பது கட்டுகிறவருக்கும் தெரியும்.

சோலார் வேலிக்கும் கொக்கிக் கம்பிக்கும் என்ன வித்தியாசம்?

‘ரெண்டுமே கரண்டுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்று விரட்டும், இன்னொன்று கொல்லும்.

முறையான சோலார் வேலியில் பேட்டரி மின்சாரம் ‘எனர்ஜைசர்’ என்ற கருவி வழியாகத் துடிப்பு துடிப்பாகப் போகும். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறுகியது. அடுத்த துடிப்புக்கு ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளி. தொட்டவுடன் சுரீர் என்று அடிக்கும். அந்த இடைவெளியில் விலகிவிடலாம். கொக்கிக் கம்பியில் 230 வோல்ட் இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும். கையை எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது.

இருட்டில் அந்தக் கம்பிக்குப் பன்றி எது, ஆள் எது என்று தெரியாது. தண்ணீர் பாய்ச்சப் போன கொல்லைக்காரரே மறந்து மிதித்து இறந்த செய்திகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. விடிவதற்குள் வரப்பு வழியாக நடந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போகும் பெண்களும் இதே பாதையில்தான் போகிறார்கள்.

யானைக்கும் அதே கதிதான். 2023 மார்ச்சில் பக்கத்து மாவட்டமான தர்மபுரியில், மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க ஒரு விவசாயி போட்ட கள்ள மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் பிழைத்தன. விவசாயி கைதானார். பன்றியோ அடுத்த கொல்லைக்குப் போய்விட்டது. அதாவது, கம்பியால் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் வேறு வழி காட்டாமல் ‘கம்பி போடாதே’ என்று மட்டும் சொல்வதும் எடுபடாது.

சுட்டால் குறையுமா?

காட்டுப்பன்றியின் சினைக்காலம் 4 மாதத்துக்கும் குறைவு. ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் சாதாரணம். தீனி நிறைய கிடைத்தால் பெட்டை சின்ன வயதிலேயே குட்டி போடத் தொடங்கும். நம் வேர்க்கடலையும் கரும்பும் மரவள்ளியும் சோளமும் அதற்குச் சத்தான சாப்பாடு. ஒன்றிரண்டைச் சுட்டால் காலி இடத்தை அடுத்த கூட்டம் பிடித்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. துப்பாக்கிச் சத்தத்தில் கூட்டம் சிதறி, புதிய இடங்களுக்குப் பரவுகிறது என்று சொல்லி, 2016இல் மாநில வனவிலங்குத் துறை தன் நிலங்களில் பொதுமக்கள் பன்றி வேட்டையாடுவதையே தடை செய்தது. அதற்குப் பதிலாக முழுக் கூட்டத்தையும் ஒரே நேரத்தில் அடைக்கும் பெரிய பொறிக்கூண்டு. பல நாள் கதவைத் திறந்தே வைத்து, தீனி போட்டுப் பழக்கி, கடைசிப் பன்றியும் உள்ளே வந்த பிறகுதான் கதவை மூட வேண்டும். பாதியைப் பிடித்து பாதியை விட்டால், தப்பித்தவை அடுத்த முறை கூண்டுப் பக்கமே வராது.

இன்னொரு பாடம் பீவரிடமிருந்து. மரத்தைப் பல்லால் அறுத்து ஓடையில் அணை கட்டும் விலங்கு அது. அணையால் வயலிலும் சாலையிலும் தண்ணீர் ஏறும். அணையை உடைத்தால் சீக்கிரமே திரும்பக் கட்டிவிடும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1996இல் மக்கள் வாக்களித்துப் பல வகைப் பொறிகளுக்குத் தடை விதித்தார்கள். தொல்லை கூடியதும் 2000இல் சட்டத்தைத் திருத்தி, உள்ளூர் சுகாதார வாரியமே 10 நாள் அவசர அனுமதி கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். பொறி வைக்கலாம், அணையை உடைக்கலாம், அல்லது அணைக்குள் குழாய் செருகித் தண்ணீர் மட்டத்தைக் குறைக்கலாம். குழாய் வழியில் விலங்கும் இருக்கும், வயலும் தப்பும். முடிவு உள்ளூரில், நாள் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

என்ன செய்ய வேண்டும்?

முதலில், துப்பாக்கிக்கு அனுமதி இல்லாத அந்த 1 கி.மீ.யில் வேலிக்கு முன்னுரிமை வேண்டும். அங்கே பன்றியைத் தொடக் கூடாது என்று அரசு சொன்னால், பயிரைக் காக்கும் பொறுப்பிலும் அரசுக்குப் பங்கு உண்டு. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி காப்புக்காட்டை ஒட்டிய பகுதியில் மின்வேலி போட வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். விதி சரி. ஆனால் 2 ஏக்கர் கொல்லைக்காரர் தனியாக சோலார் வேலி போடுவது கட்டுப்படியாகாது. ஊரே சேர்ந்து காட்டோரமாக ஒரே வேலி போட்டால் தலைக்குச் செலவு குறையும். மானியத்தையும் அப்படியே கூட்டாகக் கொடுக்கலாம். யானைக்குப் போடும் உயரத்தில் போட்டால் பன்றி அடியில் புகுந்துவிடும் என்பதால் கீழ்க்கம்பி தாழ்வாக இருக்க வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும். அதை வெட்டிப் பராமரிக்க ஊரிலேயே ஆளும் சம்பளமும் வேண்டும்.

இரண்டாவது, 1 முதல் 3 கி.மீ. வரையுள்ள பகுதிக்குக் கூண்டு. ‘பிடிக்கலாம்’ என்று அரசாணையில் இருந்தால் போதாது. வனச்சரகத்தில் கூட்டத்தையே அடைக்கும் கூண்டும், வண்டியும், பழகிய ஆட்களும் இருந்தால்தான் பிடிக்க முடியும். பிடித்ததை அதே மலையடிவாரத்தில் இறக்கிவிட்டால் மறுவாரம் திரும்பி வரும். எங்கே விடுவது என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

மூன்றாவது, நாள் கெடு. வேர்க்கடலை அறுவடைக்கு நிற்கும்போது கொடுத்த மனுவுக்கு அடுத்த விதைப்பில் பதில் வந்தால் பயன் இல்லை. 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது, தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் ஒன்று என்பதால் திருப்பத்தூரில் தலைவர்கள் இருந்தார்கள். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழு இத்தனை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, இழப்பீடு. மனு, அடங்கல், போட்டோ, கள ஆய்வு என்று அலையும் செலவே சேதத்துக்குச் சமமாகிவிட்டால் யாரும் மனு கொடுக்க மாட்டார்கள். குத்தகைக்குப் பயிர் வைத்தவருக்குப் பட்டா தன் பேரில் இருக்காது. விதைத்தவருக்கே பணம் போகும் வழி வேண்டும்.

3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம் என்பது தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் கொக்கிக் கம்பி அதிகம் ஆசை காட்டுவது முதல் 1 கி.மீ.யில்தான். அங்கே முறையான வேலி வரும்வரை, ஆவணி ஐப்பசி மாதங்களில் விடியலுக்கு முன் வரப்பில் நடப்பவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருக்கும்.