கேள்வி எல்லோருக்கும் உரியது

தமிழில் ‘கேள்வி’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்டு அறிவதும் கேள்வி. எழுந்து நின்று ஐயம் வினவுவதும் கேள்வி. முன்னதன் சிறப்பைக் கூற வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அப்படியானால் காது கேளாத மாணவிக்கு இவ்விரண்டும் கிடையாதா? எங்கள் வகுப்பில் இவ்வினாவை எழுப்பியது ஒரு சிறு சோதனை.

ஒரு நாள் எங்கள் ஆசிரியை ஐந்து நிமிடம் குரல் எழுப்பாமல், உதடுகளை மட்டும் அசைத்துப் பாடம் நடத்தினார். அவர் ‘பணம்’ என்றதை நாங்கள் ‘மணம்’ என்று எழுதினோம். இரண்டுக்கும் உதடுகள் ஒரே விதமாகத்தானே சேர்ந்து பிரிகின்றன! அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் அந்த அரைகுறையும் போயிற்று. ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். ஐந்து நிமிடத்தில் எங்கள் விளையாட்டு முடிந்தது. காது கேளாத மாணவிக்கோ அது ஆண்டு முழுவதும் நீடிக்கும் என்று ஆசிரியை சொன்னபோது, சிரித்ததற்காக வெட்கப்பட்டோம்.

“பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக் கொள்ளலாமே” என்பர் சிலர். நோட்டில் பாடம் இருக்கும். ஐயம் கேட்கும் நேரம் இருக்காது. மணி அடித்த பிறகு கிடைக்கும் பாடம் ஆறிய சோறு போன்றது. ஆசிரியர் பேசும் அதே வேளையில் அவர் சொல் அவளைச் சென்றடைய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இது நடக்கக் கூடியதா? 18-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நகரில் அபே தெ லெபே என்னும் குரு, காது கேளாதோருக்கு இலவசப் பள்ளி நடத்திச் சைகைகளால் கல்வி தந்தார். அமெரிக்காவின் வாஷிங்டனில் காலடெட் கல்லூரி, 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டத்தால் காது கேளாதோருக்குப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. பின்னர் 1973, 1990 ஆண்டுகளின் சட்டங்களால், அந்நாட்டின் பொதுக் கல்லூரிகளும் காது கேளாத மாணவர்களுக்கு வேண்டிய வசதி செய்து தரும் கடமை ஏற்றன.

ஆனால் சிற்றூர்க் கல்லூரிக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் எங்கிருந்து வருவார்? இங்கேதான் அறிவியல் கைகொடுக்கிறது. ஆசிரியரின் குரல் ஒலிவாங்கி வழியாகத் தொலைவிலுள்ள சுருக்கெழுத்தாளருக்கு இணையத்தில் செல்கிறது. அவர் பல விசைகளை ஒருசேர அழுத்தும் பொறியில் நிமிடத்திற்கு 200 சொற்களுக்கு மேல் பதிக்கிறார். சில நொடிகளில் அவை மாணவியின் கணினித் திரையில் எழுத்தாகத் தோன்றுகின்றன. அவ்வாறே சைகை மொழிபெயர்ப்பாளரும் திரையில் தோன்றி விளக்குகிறார். மாணவி சைகையால் கேட்பதைக் குரலாக்கி வகுப்புக்குச் சொல்கிறார். நீண்ட பாடமானால் இருவர் அமர்ந்து, ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை மாறிக் கொள்கின்றனர். கையும் மனமும் சோர்ந்தால் பொருள் பிழைபடும் அன்றோ?

எழுத்தா, சைகையா? அதை மாணவியே தேர்ந்தெடுக்க வேண்டும். சைகை மொழி வெறும் கையசைப்பு அன்று. தனக்கென இலக்கணம் உடைய மொழி. அதிலேயே வளர்ந்தவளுக்கு அதுவே தாய்மொழி. பேசக் கற்ற பின் செவித்திறன் இழந்தவளுக்கு எழுத்து எளிதாக இருக்கலாம்.

“எல்லாவற்றையும் இயந்திரமே எழுதிவிடுமே” என்று சொல்வாரும் உளர். இயந்திரம் உதவட்டும்; ஆனால் அதை மட்டும் நம்ப நாங்கள் தயங்குகிறோம். வேதியியல் வகுப்பில் ‘கரையாது’ என்பது ‘கரையும்’ என்று திரையில் விழுந்தால், தேர்வில் மதிப்பெண் இழப்பவள் அந்த மாணவி அல்லவா? பிழை திருத்த ஒரு மனிதர் வேண்டும். அதற்கு ஆகும் செலவைத் தருமம் என்று எண்ணலாகாது. கரும்பலகைக்கும் விளக்குக்கும் செலவிடுவது போன்றதே இதுவும்.

நம் நாட்டிலும் வழி பிறந்துள்ளது. 2015-இல் புது தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. அது 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. காது கேளாதோருக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கல்வி தர வேண்டும் என்றும் கூறுகிறது. ஆயினும் தேர்ச்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இங்கு மிகச் சிலரே. இடம் கிடைத்த பின்னும் சொல் எட்டாவிட்டால், அவள் வகுப்பில் இருந்தும் இல்லாதவளே.

தோழியரே, இன்னும் சில ஆண்டுகளில் நாமும் கல்லூரி செல்வோம். நம் வகுப்பில் அத்தகைய தோழி ஒருத்தி இருக்கக் கூடும். ஒரே நேரத்தில் பலர் பேசாமல் ஒருவர் பின் ஒருவராகப் பேசுவோம். ஒலிவாங்கி அருகில் நின்று பேசுவோம். பாடத்தின் கலைச்சொற்களை முன்னதாகவே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பும்படி ஆசிரியரைக் கேட்போம். நம்மில் ஓரிருவர் சைகை மொழி கற்று மொழிபெயர்ப்பாளராகவே ஆகலாம். பெற்றோர்களே, உங்கள் மகள் அப்பணியை விரும்பினால் தடுக்காதீர்கள்.

“ஐயம் உண்டா?” என்று ஆசிரியர் கேட்கும் வேளையில், நம் கைகளோடு அவள் கையும் உயர வேண்டும். அன்றுதான் கேள்வி எல்லோருக்கும் உரியதாகும்.