ஊசி கண்ட கடற்பயணம்

நாடு கடத்தல் என்றதும், கண்டி மக்களாகிய நமக்கு 1816-இல் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரே நினைவுக்கு வருவார். அதற்கு 25 ஆண்டுகளின் பின், 1841 ஏப்ரலில், இங்கிலாந்தின் வுல்விச் துறையினின்று 'ராஜா' என்னும் கப்பல் 180 பெண் கைதிகளுடன் புறப்பட்டது. அவர்களிற் பலர் களவுக்குத் தண்டனை பெற்ற ஏழைகள்.

எலிசபெத் பிரை அம்மையாரின் மாதர் சங்கம் அவர்களுக்கு ஊசியும் நூலும் துணித்துண்டுகளும் அளித்திருந்தது. கரை காணாத மூன்று மாதங்களில், அவர்களுட் சிலர் கூடியிருந்து 2,815 துண்டுகளை இணைத்து ஒரு போர்வை தைத்தனர். ஜூலையில் ஹோபார்ட் துறையை அடைந்தனர். உதவிய மாதர்க்கு நன்றியுரையையும் நூலாலேயே அதில் பொறித்தனர். தம் பெயர்களை மட்டும் பொறிக்கவில்லை. அப்போர்வை இன்று கன்பராவில், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அதன் தையல் ஒரே சீராக இல்லை. தேர்ந்த கையும் பழகாத கையும் அருகருகே தெரிகின்றன. தேர்ந்தவள் பழகாதவளை விலக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? நம் இல்லத்துப் பெண்கள் கூடித் தைக்கும் பொழுதை வீண்பொழுது என்று இகழ்வோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.