துறைக்கொரு மொழி

ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய சொற்களும் குறிகளும் உண்டு. இசைவாணர் ஏழு சுரங்களின் எழுத்துகளால் பாடலைக் குறித்து வைக்கின்றனர். கட்டடக் கலைஞர் கோடுகளால் வீட்டை வரைந்து காட்டுகின்றனர். இவற்றை உரைநடையில் எழுதப் புகுந்தால் பக்கங்கள் பெருகும், பொருளோ தெளிவுறாது. கணிப்பொறிக்குக் கட்டளை இடுவதற்கும் இவ்வுண்மை பொருந்தும். எல்லாப் பணிக்கும் பயன்படும் பொதுக் கணிமொழிகள் பல உள்ளன. அவற்றோடு அமையாமல், ஒரு துறையின் பணியை அத்துறையின் குறிகளாலேயே எழுதுதற்குரிய தனித்துறை மொழிகளும் வேண்டும். தொழிற்சாலைகளில் இன்றும் வழங்கும் ஏணிப்படம் இதற்குத் தக்க சான்றாகும்.

கணிப்பொறி புகுமுன், தொழிற்சாலை எந்திரங்களை ரிலே என்னும் மின்காந்தச் சாவிகள் கட்டுப்படுத்தின. பெரிய அலமாரிகளில் அவை அடுக்கப்பட்டுக் கம்பிகளால் பிணைக்கப்பட்டிருந்தன. செய்யும் பொருளின் அமைப்பு மாறினால், கம்பிகளைப் பிரித்து மீண்டும் பூட்ட வேண்டும். இத்தொல்லையை நீக்க விரும்பி, 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு மாற்றுக் கருவியை நாடியது. 1969ஆம் ஆண்டில் ‘மோடிகான் 084’ என்னும் கட்டுப்பாட்டுக் கருவி அந்நிறுவனத்தை அடைந்தது. அதற்குக் கட்டளை எழுதுவோர் யார்? தொழிற்சாலை மின்பணியாளர் கணிமொழி கல்லாதவர்; ஆயினும் ரிலே இணைப்பின் வரைபடத்தை நன்கு அறிந்தவர். ஆகவே, அவ்வரைபடமே கட்டளை மொழியாக்கப்பெற்றது. இரு நெடுங்கோடுகளுக்கிடையே படிகள் அமைந்திருத்தலின், அஃது ஏணிப்படம் எனப் பெயர் பெற்றது.

தகட்டை அழுத்தி வளைக்கும் எந்திரம் ஒன்றைக் கருதுக. தொழிலாளியின் கை உள்ளே அகப்படாதிருக்க, இரு பொத்தான்களை இரு கைகளாலும் ஒருங்கே அழுத்தினாலன்றி அஃது இறங்கலாகாது. ஏணிப்படத்தில் அவ்விரு பொத்தான்களின் குறிகளும் ஒரே படியில் அடுத்தடுத்து நிற்கும். தவறுதலாக அவற்றை இரு கிளைகளாகப் பிரித்து வரைந்தால், ஒரு பொத்தானே எந்திரத்தை இயக்கிவிடும். அப்பிழையை மின்பணியாளர் நோக்கிய அளவில் கண்டுகொள்வர். பொதுமொழியில் எழுதிய நீண்ட நிரலுள் அது மறைந்து கிடப்பின் என்னாகும்? எந்திரத்தை அறிந்தவர் மொழியை அறியார். மொழியை அறிந்தவர் எந்திரத்தை அறியார். இடையே அழிவது ஒரு தொழிலாளியின் கை அன்றோ?

துறைதோறும் ஒரு மொழி தோன்றினால் கற்பதற்கு எல்லை ஏது எனச் சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. புதுமொழி ஆக்குவோர், அதனைக் கணிப்பொறிக்கு உணர்த்தும் மொழிமாற்று நிரலையும் ஆக்கிக் காத்தல் வேண்டும். பயில்வோர் மிகச் சிலரேயாயின் அவ்வுழைப்பு வீணாகும். மேலும், எத்தனிமொழிக்கும் ஓர் எல்லை உண்டு. சிக்கலான கணக்குகளை ஏணிப்படத்தில் எழுதுதல் அரிது. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த உலகத் தரவிதியும் ஏணிப்படத்தோடு வேறு மொழிகளையும் தொழிற்சாலைகளுக்கு வகுத்துள்ளது. ஆதலின், பணியின் முறை நிலைபெற்று, அதன் குறிகள் தொழில் செய்வோரிடையே வேரூன்றிய துறைக்கே தனிமொழி தகும்.

அத்தகைய துறைகளில் தயக்கம் வேண்டா. நிரல் எழுதுவோர் முதலில் பணிக்களத்திற்குச் சென்று, அங்குள்ளோர் வரையும் கோடுகளையும் வழங்கும் சொற்களையும் கற்றல் வேண்டும். எந்திரத்தின் அருகே நின்று உழைப்பவர், அதற்கு இடப்பட்ட கட்டளையைத் தாமே படித்துப் பார்க்கும் உரிமை உடையவர். அவ்வுரிமையை அவர்க்கு அளிக்கும் மொழியே அப்பணிக்கு ஏற்ற மொழியாகும்.