கிராஸ்ஹேரைக் காப்பியடிக்காதீர்கள்

வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பிள்ளைகள் முதலில் இன்ஸ்டால் செய்வது கேம்ஸ்தான். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் போன்ற துப்பாக்கி கேம்களில் திரையின் நடுவே ஒரு சிறிய கூட்டல் அடையாளம் இருக்கும். இதுதான் கிராஸ்ஹேர். இதன் நிறம், நீளம், தடிமன், நடுவில் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் நம் விருப்பப்படி மாற்றிக் கொள்ளலாம். ஆனால் பெரும்பாலோர் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவருடைய கிராஸ்ஹேர் கோடை எடுத்து அப்படியே பேஸ்ட் செய்து விடுகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து.

அம்பாசமுத்திரத்தில் என் அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, மானிட்டர் சரியில்லை, புதிது வேண்டும் என்று அத்தானிடம் நச்சரித்துக் கொண்டிருந்தான்.

"இன்பெர்னோ மேப்புல செவுத்துப் பக்கம் போனா கிராஸ்ஹேரே காணாமப் போயிருது மாமா."

பார்த்தேன். செங்கல் நிறச் சுவரின் மேல் பச்சை நிறக் கிராஸ்ஹேர். "ஏல, பளிச்சுனு தெரியுதே!" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை.

செட்டிங்ஸில் கேம் பிரிவில் கிராஸ்ஹேரைத் திறந்து, பச்சையை எடுத்துவிட்டு சயான் எனப்படும் வெளிர் நீலத்தை வைத்தேன். சுற்றிலும் கறுப்புக் கோடு வர அவுட்லைனையும் ஆன் செய்தேன். உடனே "இப்பத் தெரியுது" என்றான். மானிட்டரில் ஒரு குறையும் இல்லை.

பழுத்த மிளகாயைப் பறிக்கச் சொன்னால் காயையும் சேர்த்துப் பறித்து வருவான், கவனமில்லாத பயல் என்று அக்கா திட்டுவாள். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917ல் வெளியிட்ட சோதனை இது. சிவப்பு, பச்சை வேறுபாடு அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்களைவிட ஆண்களிடம் இக்குறை பல மடங்கு அதிகம்.

அவனுக்குக் கப்பலில் வேலை பார்க்க ஆசை. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இரண்டையும் பிரித்தறியும் கண் டெக் அதிகாரிக்குக் கட்டாயம். இரண்டு நாள் அவன் யாரிடமும் பேசவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் ஏதாவது ஒரு பயிற்சி நிலையத்தில் லட்சக்கணக்கில் பணம் கட்டிய பிறகு தெரிந்திருந்தால்?

எல்லோருக்கும் இந்தக் குறை இருக்காது. இருந்தாலும் காப்பியடித்த கிராஸ்ஹேர் ஏமாற்றும். பல ஆட்டக்காரர்கள் 1280 x 960 ரெசல்யூஷனை அகலத்தில் இழுத்து வைத்து ஆடுகிறார்கள். அவர்கள் திரையில் படம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகி, கிராஸ்ஹேரும் சேர்ந்து விரியும். அதே கோட் உங்கள் 1920 x 1080 மானிட்டரில் ஒல்லியாகத்தான் தெரியும்.

இன்னொன்று, ஓடும்போதும் சுடும்போதும் விரியும் டைனமிக் வகை. பெரிய ஆட்டக்காரர்கள் இதை ஒதுக்கி, அசையாத ஸ்டாட்டிக் வகையையே வைத்துக் கொள்கிறார்கள். புதியவர்கள் முதல் ஒரு மாதம் டைனமிக்கே வைத்துக் கொள்ளுங்கள் என்பேன். ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும் என்பது கண்ணெதிரே தெரியும். நின்று சுடும் பழக்கம் வந்ததும் ஸ்டாட்டிக்குக்கு மாறலாம்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்க, வெளிச்சமான சுவர், இருட்டு மூலை, செங்கல் என மூன்று இடங்களில் நின்று பாருங்கள். மூன்றிலும் தெரிவதை வைத்துக் கொண்டு, இரண்டு வாரம் கை வைக்காமல் விடுங்கள். வலோரன்ட்டில் எதிரியைச் சுற்றித் தெரியும் சிவப்புக் கோட்டையும் மஞ்சள் அல்லது ஊதாவாக மாற்ற வசதி உண்டு.

மருமகன் இப்போது சயானில்தான் ஆடுகிறான். மானிட்டர் அதே பழையதுதான். மவுஸ் சரியில்லை என்று அத்தானிடம் ஆரம்பித்திருக்கிறானாம்.